மெல்பர்னில் மருந்து வேதியியல் ஆனர்ஸ்: கொழிஞ்சாம்பாறைத் தங்கைக்குப் பதில்

அன்புத் தங்கைக்கு,

சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து, மெல்பர்னில் ஓராண்டு ஆனர்ஸ் ஆய்வுக்கு இடம் கிடைத்திருக்கும் நிலையில், எந்தத் தலைப்பை எடுப்பது, வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா, நெல்லியாம்பதி மூலிகையைக் கொண்டுவந்து ஆராயலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலந்தாவளத்திலிருந்து வந்து இங்கே இத்துறையிலேயே வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில், வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஆனால் காலை முதல் மாலை வரை ஆய்வகத்தில் நிற்க வேண்டிய ஆண்டில் வார இறுதியில் ஒரு நாளுக்கு மேல் உடம்பு தாங்காது. இதைவிட முக்கியமான செய்தி, படிப்பு முடிந்தபின் தங்கி வேலை செய்வதற்கான விசாவுக்கு இங்கே குறைந்தது 92 வாரப் படிப்பு வேண்டும் என்பதால், ஆனர்ஸ் மட்டும் அதற்குப் போதாது என்பதுதான். முதல் வகுப்பில் தேறினால் முதுகலை இல்லாமலேயே முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஆண்டின் பயன் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கடன் வாங்குவதற்கு முன் இதை அப்பாவிடம் விளக்கிச் சொல்லுங்கள்.

தலைப்பைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். புற்றுநோய் என்றாலும் மலேரியா என்றாலும், ஏற்கெனவே தெரிந்த ஒரு மூலக்கூற்றின் ஏதாவதொரு பகுதியை மாற்றி மாற்றிச் சில சேர்மங்களைத் தயாரித்து, அந்த மாற்றத்தால் மருந்தின் வீரியம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதே உங்கள் பணியாக இருக்கும். பிப்ரவரி இறுதியில் தொடங்கி அக்டோபர் வாக்கில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்; இடையில் இலக்கிய மதிப்பாய்வும் கருத்தரங்க உரையும் உண்டு. ஆகவே தினமும் உங்கள் அருகில் நின்று கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். பேராசிரியர் பெரும்பாலும் பயணத்திலும் கூட்டங்களிலும் இருக்கலாம். அப்போது கைகொடுப்பவர் குழுவிலுள்ள மூத்த ஆய்வாளரே. சென்ற ஆண்டு அதே குழுவில் முடித்த மாணவரிடம் பேசுங்கள். சேர்மங்களின் உயிரியல் சோதனை அந்த ஆய்வகத்திலேயே நடக்கிறதா, வெளியே அனுப்பப்படுகிறதா என்றும் கேளுங்கள், ஏனென்றால் வெளியே அனுப்பினால் முடிவு வருவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்கும் நாள் வந்துவிடக்கூடும்.

மூலக்கூற்றின் கட்டமைப்பைக் காட்டும் நிறமாலைச் சோதனையான என்.எம்.ஆரை நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலும் தாளில்தான் படிக்கிறோம். இங்கே உங்கள் சேர்மத்துக்கு நீங்களே எடுப்பீர்கள். கலவையைக் குழாய்க்குள் பிரித்தெடுக்கும் காலம் (column) குரோமட்டோகிராபியில் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, வெள்ளைப் பொடி கைக்கு வந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். டியூட்டரோ குளோரோஃபார்ம் என்ற கரைப்பானில் கரைத்து நிறமாலை எடுத்தால் 1.26, 2.05, 4.12 ppm ஆகிய இடங்களில் வேண்டாத சிகரங்கள் தெரியும். பிரிக்கப் பயன்படுத்திய கரைப்பானான எத்தில் அசிட்டேட் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். மறுபடி வெற்றிடத்தில் உலர்த்தி, மறுபடி எடை போட்டு, குறைந்த விளைச்சலையே குறிப்பேட்டில் எழுத வேண்டும். சோதனைக்கு அனுப்பும் சேர்மம் குறைந்தது 95% தூய்மையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது வீண் கண்டிப்பு அல்ல. மிச்சமிருக்கும் மாசு செய்த வேலையை மூலக்கூறு செய்ததாக நம்பிவிடும் ஆபத்து உண்மையானது. வீரியம் குறைந்த சேர்மம் உங்கள் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாது. அது ஏன் குறைந்தது என்று நீங்கள் எழுதும் விளக்கத்தையே தேர்வாளர்கள் கூர்ந்து படிப்பார்கள்.

வீட்டில் தமிழும் தாலுகா அலுவலகத்தில் மலையாளமும் பேசி வளர்ந்த உங்களுக்கு ஆங்கிலப் பேச்சு விரைவில் பழகிவிடும். எழுத்துக்குத்தான் பயிற்சி வேண்டும். அன்றன்று செய்த வினையின் செய்முறையை அன்றிரவே முழு வாக்கியங்களில் எழுதி வைத்துவிடுங்கள்.

மூலிகை ஆசை எனக்குப் புரிகிறது. ஆயினும் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, இந்தியத் தாவரத்தை ஆய்வுக்காக வெளிநாட்டுக்குக் கொண்டுவருவதற்குச் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலிய எல்லையிலும் தாவரச் சோதனை மிகக் கடுமையானது. இவையெல்லாம் ஓராண்டுக்குள் அடங்கா. அகத்தியமலைக் காணிப் பழங்குடி மக்கள் 1987இல் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானபோது, அதன் வருவாயில் அவர்களுக்கும் பங்கு தரப்பட்டது; தாவரத்தை அறிந்து வைத்திருந்தவர்களின் உரிமையைக் காப்பதும் அச்சட்டத்தின் நோக்கம் என்பதால் அதைத் தடையாக நினைக்காதீர்கள். நிலவேம்பிலுள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு தூய நிலையில் வேதிப்பொருள் நிறுவனங்களிடம் விலைக்குக் கிடைக்கிறது. அதன் கட்டமைப்பை மாற்றிப் பார்க்கும் திட்டத்துக்கு இடம் உண்டா என்று, இயற்கைச் சேர்மங்களில் ஆர்வமுள்ள வழிகாட்டியிடம் திட்டங்கள் முடிவாவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள்.