வில்லாளிக்கு எத்தனை புள்ளி?

கேள்வி: சிற்றுருவங்களை வைத்து மேசைமேல் ஆடும் சிறுபடைப் போர் விளையாட்டு ஒன்றை வடிவமைத்து வருகிறேன். வில்லாளிக்கும் வாள்வீரனுக்கும் தலா 20 புள்ளிகள் விலை. ஆனால் வில்லாளிகளை நிறைத்த படையே தொடர்ந்து வெல்கிறது. அவர்களின் விலையை 30 ஆக்கலாமா?

பதில்: ஒரேயடியாக உயர்த்த வேண்டாம். வாள்வீரர்கள் நெருங்கி நின்றே மோத முடியும் என்பதால், அவர்கள் பலம் ஏறக்குறைய எண்ணிக்கையின் அளவிலேயே கூடும்; வில்லாளிகளோ அனைவரும் ஒரே இலக்கின்மீது எய்யக்கூடியவர்கள் என்பதால், ஆங்கிலேயப் பொறியாளர் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1916-இல் விளக்கிய கணக்குப்படி, அவர்கள் பலம் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி உயரும். அதாவது 3 பேர் 6 பேரானால் பலம் நான்கு மடங்கு. ஆகவே 30 என வைத்தால் தனி வில்லாளியை யாரும் சீந்த மாட்டார்கள். கூட்டமாக எடுப்பவருக்கோ அப்போதும் இலாபமே. முதல் இருவருக்கு 20, அதற்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் 24 என ஏறுவிலை வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அதற்கும் முன்பாக மேசையைக் கவனியுங்கள். சுவரும் மரமும் இல்லாத வெட்டவெளியில் ஆடிவிட்டு விலையைக் குறை சொல்வது நியாயமன்று. மறைவிடங்களைக் கூட்டிய பிறகு, ஒரு நேரத்தில் ஒரு விலையை மட்டும் மாற்றி, இருவரும் படைகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஆடிப் பாருங்கள்.