சுரங்கம் மூடிய ஊரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தின் டர்ஹம் பக்கம் ஈசிங்டன் காலியரியில் வீடுகள் மலிவாக ஏலத்துக்கு வருகின்றன. செத்துப்போன சுரங்க ஊர் என்கிறார்களே, வாங்கலாமா?

நீங்கள் லண்டன் பக்கம் இருந்துகொண்டு, வாடகைக்கு விடத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் 'செத்துப்போன ஊர்' என்பதை என்னால் விட முடியாது. அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடும் நர்ஸாக வேலை பார்த்தவள் நான்.

அங்கே நிலக்கரிச் சுரங்கத்தை 1899-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஊற்றெடுத்து மறித்ததில் கரியைத் தொடவே 1910 ஆகிவிட்டது. கடலுக்கு அடியில் போய் வெட்டினார்கள். 1951 மே 29 அதிகாலை, வெட்டும் இயந்திரத்தின் பல் கல்லில் பட்ட பொறியில் வாயு பற்றிக்கொண்டது. 81 தொழிலாளிகள் இறந்தார்கள், அவர்களை மீட்கப் போனவர்களில் இரண்டு பேரும். இறந்தவர்கள் நினைவாக ஆளுக்கொரு மரம் நட்டிருக்கிறார்கள், போனால் பாருங்கள்.

என்னிடம் ஒரு பெரியவர் இருந்தார் (பெயர், அடையாளம் சொல்லமாட்டேன்). கையில் நீலநீலமாகக் கோடுகள். காயத்துக்குள் கரித்தூள் போய் ஆறினால் அப்படித்தான் நின்றுவிடும். நுரையீரலும் போயிருந்தது. சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து நடந்த 1984 வேலைநிறுத்தத்தில் ஒரு வருடம் சம்பளமில்லை. ஊர்ப் பெண்கள் சமைத்துப் போட்டார்கள், அவர் மனைவியும் அதில் ஒருவர். வேலைநிறுத்தத்தை மீறி வந்த ஒரேயொரு ஆளை வேலைக்குள் விட அந்த ஆகஸ்டில் போலீஸ் படையே வந்து இறங்கியதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கும், ஆனாலும் நிறுத்தமாட்டார். ஒரு நாள் தட்டியும் கதவு திறக்கவில்லை. நான் போனை எடுப்பதற்குள் எதிர்வீட்டு அம்மா சாவியோடு வந்துவிட்டார். பெரியவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை தெருவில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். இதையா செத்த ஊர் என்கிறீர்கள்?

வறுமையை மறைக்கிறேன் என்று யாராவது வருவீர்கள். மறைக்கவில்லை. 1993-இல் சுரங்கத்தை மூடியதில் சுமார் 1,400 வேலைகள் போயின. பூட்டிய கடைகள் உண்டு, போதைப்பொருளும் உண்டு. பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பல, பார்க்காமலே ஏலத்தில் எடுத்துப் போட்டவை. பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம் இறங்கினால் யாரைக் கூப்பிடுவது?

   

குடியிருக்க என்றால் தாராளமாக வாங்குங்கள். கூரையையும் ஈரத்தையும் சர்வேயரை வைத்துப் பார்த்துவிடுங்கள். ரயிலுக்குப் பக்கத்து ஊரான ஹோர்டன் போகவேண்டும், அங்கே 2020-இல் நிலையம் திறந்தார்கள். ஜூலை இரண்டாம் சனிக்கிழமை டர்ஹம் நகரில் சுரங்கத் தொழிலாளர் விழா. முடிவெடுக்குமுன் அதற்குப் போங்கள். சுரங்கம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் ஊர் ஊராகத் தங்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு பேண்டு வாத்தியத்தோடு வருகிறார்கள்.