தூக்கிக்கொண்டு ஓடியவன்

வணக்கம் ஐயா,

தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவில் போலீஸால் சுடப்பட்ட சிறுவனை ஒரு இளைஞன் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் படத்தை, மகளின் பள்ளி வேலைக்காகத் தேடும்போது பார்த்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை உயிருக்குப் போராடும்போது அதைப் படம் பிடிக்க எப்படி மனசு வருகிறது? கேமராவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டாமா?

ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபம் எனக்கும் வந்ததுதான். படத்தை எடுத்தவரைப் பற்றிப் படித்த பிறகு அது அவர் மேல் இல்லை.

சாம் ந்சிமா, கறுப்பின மக்கள் படித்த 'தி வேர்ல்ட்' நாளிதழின் புகைப்படக்காரர். 1976 ஜூன் 16 அன்று பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்திருந்தார்கள். கணக்கு உள்ளிட்ட பாடங்களை, ஆண்ட வெள்ளையர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில்தான் படிக்க வேண்டும் என்பது வெள்ளையர் அரசின் உத்தரவு. 1965இல் மொழிக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியதைக் கண்ட ஊர் நம்முடையது. அந்தக் கொதிப்பை நமக்கு யாரும் விளக்க வேண்டாம். போலீஸ் சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சன் விழுந்தான்.

ந்சிமா ஆறு படங்கள் எடுத்தார். அப்புறம் ஹெக்டரை ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனது அவருடைய பத்திரிகையின் கார்தான். அங்கே போய்ச் சேரும்போது உயிர் இல்லை. போலீஸ் கேமராவைப் பிடுங்கும் என்று தெரிந்து, பிலிம் சுருளைக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டார். அந்தச் சுருள் பிடிபட்டிருந்தால் அன்று நடந்ததைப் பற்றி அரசு சொன்னது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. வேலையை விட்டு, ஜோஹன்னஸ்பர்க்கை விட்டு சொந்த ஊருக்குப் போனார். அங்கேயும் வீட்டுக்காவல். தான் எடுத்த படத்தின் உரிமை அவர் கைக்கு வர 1998 ஆனது.

சரி, இன்னொரு முறை படத்தைப் பாருங்கள். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஓடிவருபவள் ஹெக்டரின் அக்கா அந்துவானெத். ஒரு கை விரல்கள் விரிந்து மேலே நிற்கிறது, யாரையோ நிறுத்தச் சொல்வது போல. நடுவில், அழுகையில் முகம் கோணிப்போய் ஓடுகிறான் ம்புயிசா மக்குபோ. அப்போது அவனுக்கு வயது 18. தூக்கியிருக்க வேண்டாமா என்று கேட்டீர்களே, தூக்கியவன் அவன்தான்.

படம் உலகம் முழுக்கப் போனதும் அவன் முகமும் போனது. போலீஸ் தேட ஆரம்பித்தது. சில வாரங்களில் நாட்டை விட்டே ஓடினான்.

பின்னாளில் எல்லோரும் அவனை வீரன் என்றபோது, அவன் அம்மா நொம்புலெலோ அதை ஏற்கவில்லை. ஹெக்டரைத் தூக்கியது வீரம் இல்லை, ஒரு அண்ணன் செய்ய வேண்டிய காரியம் என்றார். கீழே கிடக்கும் பிள்ளையைத் தாண்டிக்கொண்டு போயிருந்தால் அவன் இந்த ஊரில் வாழ முடியாது என்றார். இதைப் படித்த அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை.

1978இல் நைஜீரியாவிலிருந்து அவனுடைய கடிதம் ஒன்று அந்த அம்மாவுக்கு வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை. 2004இல் அவர் இறக்கும் வரைக்கும் வரவில்லை.

அன்புடன்.