கேளுங்க, சொல்றோம்: டீ குடிச்சிட்டு கையெழுத்து போடுற கமிட்டியா?

கேள்வி: பையன் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில மூணாவது படிக்கிறான். என்னை எஸ்.எம்.சி (பள்ளி மேலாண்மைக் குழு) மெம்பரா போட்டுருக்காங்க. கூட்டத்துக்கு கூப்பிட்டு டீ பிஸ்கட் குடுத்து, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு அனுப்பிடுறாங்க. நானே எட்டாவதுதான், ஹெட்மாஸ்டர்கிட்ட என்னத்த கேக்குறது?
- வாசகி, மணப்பாறை

பதில்: எட்டாவதே தாராளம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டம் அந்தக் கமிட்டியில முக்கால்வாசிப் பேர் பெத்தவங்களா இருக்கணும், பாதிப்பேர் பொம்பளைங்களா இருக்கணும்னுதான் சொல்லுது, டிகிரி கேக்கல. ஸ்கூலுக்கு வந்த அரசாங்கக் காசு எப்படி செலவாச்சுன்னு பாக்குறதும் அடுத்து என்ன வேணும்னு திட்டம் போடுறதும் உங்க வேலைதான்.

அதுக்காக எடுத்த எடுப்புல கணக்கு நோட்டைக் கேக்காதீங்க, சார் வெறைச்சுக்குவாரு. ரெண்டே டீச்சர் இருக்குற ஸ்கூல்னா அவரே பாடமும் எடுத்து ஆபீஸ் வேலையும் பாத்துட்டு கெடப்பாரு, பாவம். மொதல்ல பாத்ரூம்ல தண்ணி வருதான்னு பையனையும் பக்கத்து வீட்டுப் பொண்ணையும் கேளுங்க. வரலைன்னா கூட்டத்துல அதை மட்டும் பேசி, ‘தீர்மானமா எழுதிருங்க சார்’னு சொல்லி, எழுதுனதை படிச்சுப் பாத்துட்டு கையெழுத்து போடுங்க, வெத்துப் பக்கத்துல போடவே போடாதீங்க. வாயால சொன்னா காத்தோட போயிரும், தீர்மானம்னா பஞ்சாயத்து ஆபீஸ்லயும் பி.இ.ஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்லயும் நீட்டலாம், ஹெட்மாஸ்டர் தனியா கேட்டப்ப கண்டுக்காதவங்க பெத்தவங்க எல்லாம் கேக்குறாங்கன்னா கொஞ்சம் அசைவாங்க, அதனால அவருக்கும் லாபம்தான். அடுத்த கூட்டத்துல மொத கேள்வி, போன தீர்மானம் என்னாச்சு. ஆங், வேலைக்குப் போற நேரத்துல கூட்டம் வச்சா யாரு வருவா, அதையும் சொல்லிருங்க.

கேள்வி: வெளியூர்ல வேலை பாக்குற பசங்க சேர்ந்து, படிச்ச ஸ்கூலுக்கு சாமான் வாங்கி, சீர்வரிசை மாதிரி கல்விச்சீர் குடுக்கலாம்னு இருக்கோம். என்ன வாங்கலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: மேளதாளத்தோட போங்க தம்பி, நல்லாதான் இருக்கும். காமராஜர் ஆட்சியில, நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநரா இருந்தப்ப, 1958-ல ஆரம்பிச்ச பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்லயும் ஊர்க்காரங்க அள்ளித்தான் குடுத்தாங்க. ஆனா அப்ப ஸ்கூலுக்கு என்னென்ன இல்லன்னு மொதல்ல லிஸ்ட் எடுத்தாங்க, இப்ப பாதிப்பேர் போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு பீரோவும் சேரும் வாங்கி எறக்கிடுறாங்க, அங்க ஏற்கெனவே மூணு பீரோ நிக்கும், தண்ணி மோட்டார் ஓடாது. ஹெட்மாஸ்டர்கிட்டயும் எஸ்.எம்.சி அம்மாக்கள்கிட்டயும் போன் போட்டுக் கேட்டுட்டு வாங்குங்க. குடுத்ததும் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தச் சொல்லுங்க.