பண்டிகைச் சேலையும் பாக்கிக் கூலியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் பல வருடமாக ஒரு அக்கா வேலை பார்க்கிறார். பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது. மாதம் 2,500 ரூபாய். கிறிஸ்துமஸுக்குச் சேலை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் கொடுக்கிறோம். விசுவாசக் குடும்பமாக இன்னும் என்ன செய்யலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சேலை இருக்கட்டும், முதலில் கூலியைக் கணக்குப் பாருங்கள். தினம் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி. 2,500-ஐ 52-ஆல் வகுத்தால் மணிக்கு 48 ரூபாய். 8 மணி நேரத்துக்கு 384. உங்கள் தெருவில் வீடு கட்டும் இடத்தில் சித்தாளுக்கு ஒரு நாள் கூலி என்ன என்று கேட்டு, இதன் பக்கத்தில் எழுதுங்கள். உயர்த்த வேண்டிய தொகை அங்கேயே தெரிந்துவிடும்.

இத்தனை வேலைக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் சிக்கல் டிசம்பரில் வரும். விருந்தாளி வந்து பாத்திரம் இரண்டு மடங்காகும், சம்பளம் அதேதான். நேரக் கணக்கில் பேசினால் கூடுதல் மணிக்குக் கூடுதல் கூலி என்பது தானாக வந்துவிடும். முன்பணம் கொடுத்தால் மாதம் எவ்வளவு பிடிப்பது என்று இருவரிடமும் இருக்கும்படி எழுதி வையுங்கள். வேதாகமத்தில் உபாகமம் 24:15 கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது. உங்கள் வீட்டில் 1-ஆம் தேதிச் சம்பளம் எத்தனையாம் தேதி கைக்குப் போகிறது?

வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரியும் சேர்த்தேதான் சொல்லப்பட்டிருக்கிறாள். நீங்கள் ஆராதனையில் இருக்கும் நேரத்தில் அவர் உங்கள் வீட்டுக் குழாயடியில் இருந்தால் அந்தக் கட்டளை பாதிதான் நிறைவேறுகிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் பதிவு செய்ய வேண்டும். 59-இல் நினைவு வந்து அலைபவர்கள் நிறைய. அவருக்கு ஆதார், ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். விண்ணப்பங்கள் அதிகம் நின்றுபோவது அங்கேதான்.

கேள்வி: எங்கள் பங்கின் (கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கச் சமூகத்தின்) கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் இருக்கிறது. ஒரு பக்கம் தலித் குடும்பங்கள், மறுபக்கம் மற்றவர்கள். பங்குப் பேரவையில் பேச்செடுத்தால் ‘ஊர் அமைதி கெடும்’ என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
– பேரவை உறுப்பினர், கடலூர் மாவட்டம்

பதில்: கடப்பாரையை எடுக்கும் முன் பட்டாவை எடுங்கள். நிலம் மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தால் ஆயரின் எழுத்துப்பூர்வமான ஆணை போதும். சில குடும்பங்களின் பெயரிலோ புறம்போக்காகவோ இருந்தால் சுவரில் கைவைத்த மறுநாளே தடையாணை வாங்கிவிடுவார்கள். பிறகு பல வருடம் ‘வழக்கு நடக்கிறது’ என்பதே சுவருக்குக் காவல். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலுக்குள் இருந்த பிரிவுச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது எதிர்த்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். ஆனால் அங்கே கோவில் யாருடையது என்பதில் குழப்பம் இல்லை.

அடுத்து, சுவரைப் பற்றிப் பேசாமல் குழியைப் பற்றித் தீர்மானம் போடுங்கள். குறிப்பிட்ட தேதியிலிருந்து யார் இறந்தாலும் வரிசையில் அடுத்த எண்ணுள்ள குழி. நிலத்தை அளந்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே வரிசையில் எண் போட்டு, ஒரே பதிவேட்டில் எழுதுங்கள். சிமென்ட் கல்லறை கட்டப் புதிதாக அனுமதி தராதீர்கள். ‘எங்கள் குடும்பக் கல்லறை’ என்ற வழியாகத்தான் பழைய பிரிவினை திரும்ப நுழையும். விதி இருந்தும் முதல் சாவிலேயே தடுமாறும் ஊர்கள் உண்டு. துக்க வீட்டில் பேச்சுவார்த்தை நடத்த முடியாது. ஆகவே இரு தரப்பிலும் இரண்டிரண்டு குடும்பங்களிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி வையுங்கள். கல்லறைத் திருநாளான நவம்பர் 2-இல் நடக்கும் கல்லறை மந்திரிப்பும் ஒரே பவனியாக நடக்கட்டும்.

கல்லறையோடு திருவிழாக் கணக்கையும் பாருங்கள். தலித் தெருவில் தலைக்கட்டு வரி (திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் பணம்) வாங்குகிறார்களா? ‘பாவம், அவர்களுக்கு எதற்கு வரி’ என்று இரக்கம் போலச் சொல்வார்கள். வரி இல்லையென்றால் கூட்டத்தில் பேச்சும் இல்லை, தேரும் அந்தத் தெருவுக்கு வராது. அதிகாரிகள் கூட்டும் சமாதானக் கூட்டத்தில் ‘தனி வாசல், தனிப் பாதை’ என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பிரிவினைக்கு அரசு முத்திரை வாங்கிக் கொடுத்ததாகிவிடும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. உங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் அதைச் சத்தமாக வாசித்துக் குறிப்பேட்டில் பதியுங்கள்.

சட்டத்துக்கே போக வேண்டி வந்தால், கிறிஸ்தவர் என்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கை கொடுக்காது. தீண்டாமையைத் தண்டிக்கும் 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இடுகாட்டைப் பயன்படுத்தத் தடுப்பது அதன் 4-ஆம் பிரிவில் குற்றம், 1 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால் தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றமே ஊகித்துக்கொள்ளும். சட்டத்தின் கண்ணில் கிறிஸ்தவர் பட்டியல் சாதியினர் அல்ல என்பதால் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. படம், பதிவேட்டு நகல், தேதியிட்ட மனுக்கள் எல்லாம் முன்பே கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: சபை விடுதியின் கழிவுத் தொட்டி நிரம்பிவிட்டது. ‘பழக்கப்பட்ட ஆள், 1,500 ரூபாய்க்கு இறங்குவான்’ என்கிறார்கள்.
– விடுதிப் பொறுப்பாளர், நாகர்கோவில்

பதில்: இறக்காதீர்கள். அவர் சம்மதித்தாலும், கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்கியவர் குற்றவாளி: முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. ‘வாடை போய்விட்டது’ என்று இறங்குபவர் சாகிறார். தூக்கப் போகும் இரண்டாவது ஆளும் பல விபத்துகளில் அப்படியே சாகிறார். உள்ளாட்சியில் உரிமம் பெற்ற உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுத்தால் அடிச்சேறு இறுகாது. ஆளை இறக்க வேண்டும் என்ற பேச்சே எழாது. அந்தச் செலவைச் சபையின் ஆண்டு வரவுசெலவில் தனித் தலைப்பாகச் சேருங்கள்.

கேள்வி: ஞானஸ்நானம் எடுத்துவிட்டோம். மகனுக்கு எஸ்.சி. சான்றிதழ் தொடரலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: ஆபத்து. எஸ்.சி. யார் என்று சொல்லும் 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணையின் 3-ஆம் பத்தி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே அந்தத் தகுதியைத் தருகிறது. 2024 நவம்பரில் ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவரின் எஸ்.சி. சான்றிதழ் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் ரத்தானால் வேலையும் போகும். அநியாயம் அந்த ஆணையில் இருக்கிறது, சான்றிதழில் ஒன்று, சபையில் ஒன்று என்று இரண்டு பெயரோடு வாழ நேர்ந்த குடும்பங்களைச் சபையில் யாரும் பழிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர், எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அந்தச் சான்றிதழை வாங்குங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் ‘பி.சி. என்றால் கிடையாது’ என்று திருப்பி அனுப்பினால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.