கிட்டார இறக்கி ட்யூன் பண்றது, வடபழனி டீக்கடை, அப்புறம் சில கேள்விகள்

போன மாசம் பாரிடோன் கிட்டார் (சாதா கிட்டார விட நீளமா இருக்கும், சுருதிய இன்னும் கீழ இறக்கி வாசிக்கறது) ஒண்ணு வாங்கிட்டேன்னு ஒரு வரி எழுதினேன், அத தூக்கிட்டு வரும்போது வடபழனியில ஒரு பழைய மியூசிஷியன பார்த்தேன்னு இன்னொரு வரி. அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. இன்னைக்கு ஞாயிறு, மழை வேற, உட்கார்ந்து ஒவ்வொண்ணா எழுதறேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் பெரிய வாசிப்பாளி எல்லாம் இல்ல. பதினஞ்சு வருஷமா மேற்கு மாம்பலத்துல வீட்லயே தெரிஞ்சவங்க கிட்டாருக்கு செட்டப் பண்ணித் தர்றவன், அவ்ளோதான்.

தாம்பரம் தம்பி: அண்ணா, என்கிட்ட சாதா ஆறு கம்பி கிட்டார், 10-46 செட் (கம்பித் தடிமன், இன்ச்சோட ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல) போட்டிருக்கேன். மொத்தத்தையும் சி வரைக்கும் இறக்கினேன், தடிக்கம்பி துணி காயப்போடற கொடி மாதிரி ஆடுது. புது கிட்டார் வாங்கினாதான் சரியாகுமா?

பதில்: வாங்க வேணாம் தம்பி, மொதல்ல கம்பிய மாத்து. என்ன நடக்குதுன்னா, வழக்கமான ஈ சுருதியில இருக்கும்போது அந்த 46 கம்பி நொடிக்கு 82 தடவ அதிருது, 25.5 இன்ச் நீளத்துல அதோட இழுவை கிட்டத்தட்ட 8 கிலோ. சி-க்கு இறக்கினா 65 ஹெர்ட்ஸ். 82-க்கும் 65-க்கும் பெரிய வித்தியாசம் இல்லையேன்னு தோணும், ஆனா இழுவை அந்த விகிதத்தோட வர்க்கத்துல குறையும், அதனால 8 கிலோ 5 கிலோவா ஆயிடும். பி-க்குப் போனா நாலரை. அப்புறம் ஆடாம என்ன பண்ணும்? இதுல இன்னொரு கூத்து, தளர்ந்த கம்பிய பிக்கால ஓங்கி அடிச்சா மொதல் நொடியில சுருதி ஏறி அப்புறம் இறங்கும், டொய்ய்ங்னு, டியூனர்ல பச்ச காட்டும் ஆனா காதுக்கு எல்லாமே அபஸ்வரமா கேக்கும், பாதி பேர் இத கிட்டார் கோளாறுன்னு நினைச்சுட்டு கடை கடையா அலையறாங்க.

ஸ்கேல் லென்த்த, அதாவது அதிர்ற கம்பியோட நீளத்த, மாத்த முடியலன்னா தடிமன ஏத்தணும். சி-ல பழைய இறுக்கம் வேணும்னா 46-க்கு பதிலா 58 வரைக்கும் போகலாம், பி-ன்னா 62. கம்பி தடியானா நட்டுல (கழுத்து நுனியில கம்பி உட்கார்ற பட்டை) இருக்கற பள்ளம் பத்தாது, அத அரம் வச்சு அகலப்படுத்தணும், அகலம் மட்டும், ஆழம் கூடாது. எனக்கே ஒரு கடையில (பேர் வேணாம்) ஆழமா ராவிட்டு, திறந்த கம்பி மொத ஃப்ரெட்லயே (கழுத்துக்குக் குறுக்க பதிச்ச உலோகப் பட்டி) ஒரசற மாதிரி பண்ணிக் குடுத்தாங்க, நட்டு புதுசா போட வேண்டியதாப் போச்சு. அதோட பின்னாடி பிரிட்ஜ்ல (கம்பி மாட்டற அடிப்பக்கம்) இன்டோனேஷனும், அதாவது எந்த ஃப்ரெட்ல அமுக்கினாலும் சுருதி சரியா நிக்குதான்னும், திரும்ப பார்க்கணும், தடிக்கம்பிக்கு சேடில் (பிரிட்ஜ்ல கம்பி உட்கார்ற இடம்) இன்னும் கொஞ்சம் பின்னால போகும்.

காலேஜ் பேண்ட்: சார், இப்படி இறக்கற பழக்கத்த யாரு ஆரம்பிச்சது? ஹெவியா கேக்கணும்னுதானே?

பதில்: பாதி சரி. மெட்டல்ல இத கொண்டுவந்தது ப்ளாக் சாபத் பேண்டோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி. 1965-ல, பதினேழு வயசுல, பர்மிங்ஹாம்ல ஷீட் மெட்டல் ஃபேக்டரியில வேலை பார்க்கும்போது வலது கையில ரெண்டு விரல் நுனி போச்சு. அவர் இடது கை வாசிப்பாளி, அதனால கம்பிய அமுக்கற கையே அந்த வலது கைதான். சோப்புத் தண்ணி பாட்டில் ப்ளாஸ்டிக்க உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு போட்டுக்கிட்டு வாசிச்சாரு, மெல்லிசுக் கம்பி தேடினாரு, 1971 வாக்குல சி ஷார்ப் வரைக்கும் இறக்கினாரு. விரல் வலிக்கக் கூடாதுன்னு இறக்கினது, கேக்கறதுக்கும் கனமா இருந்துச்சு. அப்புறம் 1990-ல கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் கம்பெனி ஏழு கம்பி கிட்டார் போட்டாங்க, அத கோர்ன் பேண்ட் பசங்க எடுத்து இன்னும் ஒரு படி இறக்கி ஏ-ல வாசிச்சாங்க, மெஷுகா பேண்ட் எட்டு கம்பிக்கே போயிட்டாங்க.

போரூர் புதுசு: பட்ஜெட் கம்மி ப்ரோ. பாரிடோனா, ஏழு கம்பியா, எட்டு கம்பியா?

பதில்: நீ என்ன வாசிக்கறன்னு சொல்லவே இல்லையேப்பா. சரி, பொதுவா சொல்றேன். பாரிடோன்னா ஆறே கம்பிதான், நீளம் மட்டும் 27 இன்ச் அதுக்கு மேல. 25.5-லேர்ந்து 27 ஆனா ஒன்றரை இன்ச்தானேன்னு அலட்சியமா நினைக்காத, அதே கம்பி அதே சுருதியில 12 சதவீதம் கூட இறுக்கம். நான் வாங்கினது ஸ்க்வையரோட 27 இன்ச் டெலிகாஸ்டர் வகை. க்ரெட்ச்ல 29.75 இன்ச் ஒண்ணு இருக்கு, கை நீளமா இருக்கறவங்க பாருங்க. இது ஒண்ணும் நேத்து கண்டுபிடிச்ச சமாச்சாரமும் இல்ல, டான்எலக்ட்ரோ 1950-கள்லயே பாரிடோன் வித்தாங்க. பி-லேர்ந்து பி வரைக்கும் ட்யூன் பண்ணா உனக்குத் தெரிஞ்ச கார்ட் ஷேப் எல்லாம் அப்படியே வரும், புதுசா எதுவும் கத்துக்க வேணாம். நான் 13-62 செட் போட்டிருக்கேன்.

ஏழு கம்பின்னா மேல இருக்கறது எதுவும் போகாம கீழ ஒண்ணு கூடுது, 10-59 செட் போதும், சினிமாப் பாட்டும் வாசிக்கணும் மெட்டலும் வாசிக்கணும்னா இதுதான் சரி. ஆனா கழுத்து அகலம், மொத மாசம் கட்டைவிரல் வலிக்கும். எட்டு கம்பி, என் அபிப்ராயத்துல மொத கிட்டாரா வேணவே வேணாம். வாங்கினவங்கள்ல பாதி பேர் எட்டாவது கம்பிய மட்டும் வாசிச்சுட்டு மத்த ஏழையும் தூசி படிய வச்சிருக்காங்க.

வாங்கறதுக்கு முன்னாடி நேர்ல போய் கையில எடுத்துப் பாரு. மவுண்ட் ரோட்ல மியூசி மியூசிகல் 1842-லேர்ந்து இருக்கற கடை, அங்கயோ வேற எங்கயோ, ஆன்லைன்ல போட்டோ பார்த்து கழுத்து அகலம் தெரியாது.

விருகம்பாக்கம் அக்கா: தம்பி, கிட்டார் கதை எல்லாம் இருக்கட்டும், அந்த வடபழனி ஆள் கதைய முழுசா சொல்லுங்க.

பதில்: சொல்றேன்க்கா. பாரிடோன் நீளம்கறதால என் பழைய பையில அடங்கல, ஹெட் வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, மழை வரும்னு அதுக்கு மேல துணிக்கடை கவர் ஒண்ண மாட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தேன். அந்தக் கோலத்துல டீக்கடையில நிக்கறேன், பக்கத்துல வேட்டி கட்டின ஒரு பெரியவர், எழுபது இருக்கும், "என்னப்பா, பேஸ் கிட்டாரா?"ன்னாரு. இல்ல சார் பாரிடோன்னேன். "அப்படின்னா?" "சாதா கிட்டார விட கீழ ட்யூன் பண்றது சார்." டீ க்ளாஸ வச்சுட்டு, "எடு, பார்ப்போம்"னு கைய வேட்டியில துடைச்சுக்கிட்டாரு. அந்த துடைச்ச விதத்துலயே தெரிஞ்சு போச்சு, ஆள் சும்மா இல்ல.

பிக் குடுத்தேன், வாங்கல. கட்டை விரலால தடிக்கம்பிய ஒரே ஒரு தட்டு. கிட்டாரோட மேல் கொம்புல காத வச்சுக்கிட்டு அந்த சத்தம் முழுசா அடங்கற வரைக்கும் சும்மா இருந்தாரு, அப்புறம் "இது வீணையில அனுமந்தரம் மாதிரில்ல இருக்கு"ன்னாரு, வீணையோட ரொம்பக் கீழ்ச்சுருதிக் கம்பியச் சொல்றாரு. பேச்சுக் குடுத்தா, எண்பதுகள்ல ரெக்கார்டிங்ல வாசிச்சிருக்காரு, சாயங்காலத்துல லைட் மியூசிக் கச்சேரி. "நாங்களும் இறக்கியிருக்கோம்ப்பா. பாட்டுக்காரருக்கு தொண்டை கட்டிடுச்சுன்னா திரும்பி ஒரு பார்வை பார்ப்பாரு, அரைக் கட்டை இறக்குன்னு அர்த்தம். கழுத்துல கேப்போ கிளிப் மாட்டினா சுருதி ஏறும், இறங்குமா? அடுத்த பாட்ட அனௌன்ஸ் பண்றதுக்குள்ள ஆறு கம்பியும் இறக்கியாகணும். கீபோர்டுக்காரன் ஒரு பட்டன தட்டிட்டு வெத்தல போட்டுக்கிட்டு சிரிப்பான்"னாரு. அப்புறம் என்ன பார்த்து, "நாங்க இறக்கினது அவர் தொண்டைக்கு, நீ யாருக்காக இறக்குற?"

நான் சும்மா ஹெவியா இருக்கும் சார்னு வழிஞ்சேன். ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்னத் துணுக்கு) வாசிச்சும் காட்டினேன், தடிக்கம்பியில கடகடன்னு. முழுசா கேட்டாரு, தலைய ஆட்டினாரு, அப்புறம் கேட்டதுதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடுது: "எல்லாம் சரி, நீ இங்க வந்து உட்கார்ந்துட்டா பேஸ்காரன் எங்க போவான்?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேஸ் கிட்டாரோட தடிக்கம்பி ஈ, 41 ஹெர்ட்ஸ். எட்டு கம்பி கிட்டாரோட எஃப் ஷார்ப் 46. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல இடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. நான் ட்ராப் ஏ-ல, அதாவது தடிக்கம்பிய மட்டும் பி-லேர்ந்து ஏ-க்கு இறக்கி, 55 ஹெர்ட்ஸ்ல வாசிச்சா பேஸ் ஒரு ஆக்டேவ் கீழ 27.5-க்குப் போகணும், நம்ம கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்ல அது காத்தா கூட வராது. அதனால பேஸ்காரன் என் கூடவே அதே இடத்துல வாசிக்கறான், மிக்ஸ்ல யாரு எவர்னே தெரியல, நாம இன்னும் கனம் பத்தலன்னு மறுபடி இறக்கறோம். அந்த கனம் எல்லாம் பேஸ்காரனோட கனம்க்கா, அவன எழுப்பிட்டு அவன் சீட்ல உட்கார்ந்தா எப்படி கிடைக்கும்?

காலேஜ் பேண்ட்: பேர் மட்டும் சொல்லுங்க சார், ப்ளீஸ்.

பதில்: போட்டோ எடுக்கலாமா சார்னு கேட்டதுக்கே "டீக்கு காசு குடு, அது போதும்"னுட்டாரு. சொல்ல மாட்டேன்.

அண்ணாநகர் ஷ்ரெட்டர்: என் கிட்டார்ல ஃப்ளாய்ட் ரோஸ் (ஸ்ப்ரிங் பிடியில மிதக்கற பிரிட்ஜ்) இருக்கு. ரெண்டு படி இறக்கினதும் பிரிட்ஜ் உள்ள முங்கிடுச்சு, எல்லா ஃப்ரெட்லயும் ஒரசுது.

பதில்: முங்கத்தான் செய்யும். ஒரு பக்கம் கம்பி இழுக்குது, பின்பக்கம் ஸ்ப்ரிங் இழுக்குது, கம்பி தளர்ந்தா ஸ்ப்ரிங் ஜெயிக்கும். பின் மூடிய கழட்டி ஸ்ப்ரிங் மாட்டியிருக்கற தகட்டோட ரெண்டு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணு, பத்தலன்னா ஒரு ஸ்ப்ரிங்கயே கழட்டு. ஒவ்வொரு திருகலுக்கும் மறுபடி ட்யூன் பண்ணணும், பொறுமை வேணும். இழுவை குறைஞ்சதால கழுத்தும் பின்னால சாஞ்சிருக்கலாம், ட்ரஸ் ராட, அதாவது கழுத்துக்குள்ள இருக்கற வளைவு சரிபண்ற கம்பிய, கால் சுத்து லூஸ் பண்ணி ஒரு நாள் விட்டுப் பாரு. ஒரேடியா முழு சுத்து சுத்தாத. உண்மையச் சொல்லணும்னா தினம் தினம் ட்யூனிங் மாத்தறவங்களுக்கு ஃப்ளாய்ட் ஒரு தலைவலி.

ஹாஸ்டல் ரூம்: சின்ன ஆம்ப்ல பி-ல வாசிச்சா கொழகொழன்னு சாம்பார் சாதம் மாதிரி வருது.

பதில்: கெயின, அதாவது சத்தத்த கரகரப்பாக்கற டிஸ்டார்ஷன் நாப, குறை. நம்ப மாட்ட, ஆனா மொத மருந்து அதுதான். கிட்டார் ஸ்பீக்கரே பொதுவா 70, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஒழுங்கா பேசாது, பி-யோட அடி ஸ்வரம் 62. அது ஸ்பீக்கர்ல சரியா வரதே இல்ல, மேல இருக்கற ஹார்மோனிக்ஸ (அடி ஸ்வரத்தோட மடங்கா மேல வர்ற ஸ்வரங்கள்) கேட்டுட்டு காது தானா அடியப் போட்டுக்குது. நீ டிஸ்டார்ஷனையும் பேஸ் நாபையும் ஏத்த ஏத்த அந்த ஹார்மோனிக்ஸ் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. பேஸ் நாப பாதிக்குக் கீழ வை, மிட்ட கொஞ்சம் தூக்கு, பாம் ம்யூட் பண்ற, அதாவது உள்ளங்கை ஓரத்தால கம்பிய அடக்கற, கைய பிரிட்ஜ் ஓரமாவே வை. ரூம்ல தனியா கேக்கும்போது மெல்லிசா தோணும், பேண்டோட வாசிக்கும்போது புரியும்.

மயிலாப்பூர் ரசிகை: பாடறவங்களுக்கு பக்கவாத்தியமா வாசிக்க இது உதவுமாங்க? எங்க வீட்ல என் அண்ணா ஒரு கட்டையில பாடறாரு.

பதில்: நல்ல கேள்விம்மா. கட்டைக் கணக்குல சாதா கிட்டாரோட தடிக்கம்பி மூணு கட்டை, அதாவது ஈ. மொத்தத்தையும் ரெண்டு படி, அதாவது நாலு அரைஸ்தானம் இறக்கினா சி, அதுதான் உங்க அண்ணாவோட ஒரு கட்டை. திறந்த கம்பியே ஷட்ஜமா நிக்கும், மெட்டல் பசங்க சி ட்யூனிங்னு சொல்றதும் அதுவேதான். கம்பி கொஞ்சம் தளர்வா இருந்தா கமகத்துக்கு இழுக்கவும் சுலபம், இந்த ஒரு விஷயத்துல மட்டும் தளர்வு நல்லது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வழக்கமான நாலு ஜோடிக் கம்பிய விட்டுட்டு அஞ்சு ஒத்தைக் கம்பி எலக்ட்ரிக் மாண்டலின்தான் வாசிச்சாரு, கீழ் ஸ்தாயி கூட வேணுமேன்னு. ஏழு கம்பி கிட்டார்க்காரங்க நினைப்பும் அதேதான்.

பெசன்ட் நகர்: கம்பி மூணே வாரத்துல துரு புடிக்குது.

பதில்: கடல் காத்து. வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால கம்பிக்கு அடிப்பக்கமும் சேத்து துடைங்க, கோட்டிங் போட்ட கம்பி வாங்குங்க, பையில ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க.

தாம்பரம் தம்பி: 58 கம்பி வாங்கிட்டேன் அண்ணா! இன்னொண்ணு, அந்தப் பெரியவர மறுபடி பார்த்தீங்களா?

பதில்: ரெண்டு தடவ போனேன், ஆளக் காணோம். மூணாவது தடவ டீ மாஸ்டரே, கிட்டார் சாரத் தேடறீங்களா, அவர் சனிக்கிழமைதான் வருவாருன்னாரு. இந்த சனிக்கிழமை போறேன், பேஸ் வாசிக்கற நண்பனையும் கூட்டிட்டு. மூணு டீக்கு காசு எடுத்து வச்சாச்சு, புதுப் பை இன்னும் வாங்கல.