கீழாநெல்லி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மருந்துக்கடையில் வாயால் சொல்லி மாத்திரை வாங்குவதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். சரிதான். ஆனால் அதே வரிசையில் கீழாநெல்லியையும் வைத்துவிட்டீர்களே? போன வருடம் என் தம்பிக்கு மஞ்சள் காமாலை. ஏழு நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தோம், உப்பில்லாப் பத்தியம் வேறு. மூன்றாம் வாரம் கண் தெளிந்துவிட்டது. டாக்டரிடம் போகவே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கே., மணப்பாறை

அன்புள்ள கே.,

தம்பி தேறியதில் மகிழ்ச்சி. அவருக்கு வந்தது பெரும்பாலும் கெட்ட தண்ணீரால் வருகிற ஈரல் அழற்சியான ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ-யாக இருந்திருக்கும். அநேகருக்கு அது சில வாரங்களில் தானே இறங்கிவிடும், வெறும் மோரைக் குடித்திருந்தாலும்கூட. கீழாநெல்லியின் நல்ல பெயரில் பாதி இப்படிச் சேர்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

செடியை நான் மட்டம் தட்டவில்லை. 1988-ல் சென்னை ஆய்வொன்று லான்செட் என்ற பேர்போன மருத்துவ இதழிலேயே வந்தது. ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாளாகச் சுமப்பவர்களுக்கு ஒரு மாதம் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப்பொடி சாப்பிட்டவர்களில் 4 சதவீதம்தான். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதுவும் கிருமியைச் சுமப்பவர்களிடம் செய்த சோதனை. கண் மஞ்சளித்து வந்தவர்களிடம் இல்லை.

என் சண்டை வேறு. காமாலை என்பது ஒரு நோயே இல்லை, பல நோய்கள் காட்டுகிற ஒரு நிறம். எந்த நோய் என்று வீட்டுத் திண்ணையில் யார் முடிவு செய்வது?

என் சித்தப்பா காமாலைக்காகப் பேர்போன ஒரு நாட்டு வைத்தியரிடம் மூன்று ஞாயிறு விடிகாலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றார். நெல்லிக்காய் அளவு உருண்டை, ஒரு டம்ளர் ஆட்டுப்பால். நடுவில் காய்ச்சல் வந்தபோது மருந்துக்கடைப் பொட்டலம். அதில் இருந்த பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத்தான் பதம் பார்க்கும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பார். “வெளிக்குப் போறது சுண்ணாம்பு மாதிரி இருக்கு” என்று சித்தி சொன்னதை, “பத்தியச் சாப்பாடு, அப்படித்தான்” என்று தள்ளிவிட்டோம். நானும்தான்.

பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தது. எந்த இலை போய் அதைத் தள்ளும்? குழாய் விட்டு எடுப்பதற்குள் சீழ் பிடித்துவிட்டது. பிழைத்தது அவர் ஆயுசு கெட்டி.

உங்கள் வீட்டில் இன்னொருவருக்குக் கண் மஞ்சளித்தால் முதலில் ரத்தம் பாருங்கள், தேவைப்பட்டால் ஸ்கேன். கர்ப்பிணி என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ஹெபடைடிஸ் ஈ அவர்களிடம் உயிருக்கே உலை வைக்கும். அப்புறம் டாக்டரிடம் சொல்லிவிட்டு மோரோ கீழாநெல்லியோ, உங்கள் இஷ்டம்.

அந்த வைத்தியரே இப்போது, “ரத்தம் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டோட வா” என்கிறாராம். சித்தி சொன்னார்.